துணியில்லா சைக்கிள் சவாரி: ராமநாதபுரம் கரையில் எது சரிப்படும்?

ஜூன் பிறந்தால் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். லண்டனிலோ வான்கூவரிலோ இருக்கும் ஊர்க்காரர் யாராவது ஒரு படம் அனுப்பிவைப்பார். நூற்றுக்கணக்கான பேர் உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல், முதுகில் பெயின்ட்டால் வாசகம் எழுதிக்கொண்டு, நடுரோட்டில் சைக்கிள் மிதித்துப் போவார்கள். உடனே நம் பக்கத்து சைக்கிள் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "தனுஷ்கோடி ரோட்டில் இதைச் செய்தால் என்ன? இரண்டு பக்கமும் கடல், ஊரே கிடையாது. முடியாதென்றால் வேறு எப்படிச் செய்யலாம்?"

கேலிக்குக் கேட்பவர்களை விட்டுவிடுவோம். நிஜமாகவே யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தச் சவாரி எதற்கு? 2001இல் ஸ்பெயினின் ஸரகோஸா நகரத்துச் சைக்கிள்காரர்கள் தொடங்கினார்கள். வான்கூவரில் கான்ராட் ஷ்மிட் என்பவர் அதையே உலகச் சவாரியாக விரித்தார். 2004 ஜூன் 12 அன்று பல நாடுகளில் ஒரே நாளில் நடந்தது. பெட்ரோலை நம்பிய வாழ்க்கைக்கு எதிர்ப்பு என்பது ஒரு காரணம். கார்களுக்கு நடுவே போகிற சைக்கிள்காரன் ஏற்கெனவே அம்மணமானவன்தான், அதைக் கண்ணால் பார்த்தாவது ஒதுங்கிப் போங்கள் என்பது இன்னொன்று. முழுசாக அவிழ்க்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. துணிந்த அளவுக்குத் துணியைக் குறைக்கலாம், அவ்வளவுதான் விதி.

## எதை வைத்து எடை போடுவது

சட்டம் என்ன செய்யும் என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் என் கணக்கில் அதைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு. எதிரே வரும் வேன் டிரைவருக்கு நீங்கள் சொல்ல வந்தது புரியுமா? ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி கலந்துகொள்ள முடியுமா? இந்த இரண்டிலும் தோற்றால் வழக்கே விழாவிட்டாலும் சவாரி வீண்.

இவற்றுக்குப் பின்னால் செல்போன் படம் எங்கெல்லாம் போகும், வெயிலையும் உப்பையும் உடம்பு தாங்குமா, மறுநாள் அதே கடைத்தெருவில் நடக்க முடியுமா என்பவை வரும். கையில் இருக்கும் வழிகள் ஐந்து.

## வழி 1: முழு நிர்வாணம், இங்கேயே, ரோட்டிலேயே

'நிர்வாணம் குற்றம்' என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு பாரதிய நியாய சம்ஹிதாவில் இல்லை. பிரிவு 296 சொல்வது, பொது இடத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும்படி ஆபாசச் செயல் செய்வது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 வரை இது இந்தியத் தண்டனைச் சட்டம் 294ஆக இருந்தது. வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம். ஆனால் ஜாமீனில் வரக்கூடியது.

"மூன்று மாதம்தானே" என்று தோன்றும். அது தனியாக வராது. பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் நோக்கம் என்று யாராவது புகார் கொடுத்தால் பிரிவு 79, மூன்று ஆண்டு வரை. படத்தை நீங்களே இணையத்தில் போட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். 2020 நவம்பரில் நடிகர் மிலிந்த் சோமன் கோவா கடற்கரையில் ஆடையில்லாமல் ஓடிய படத்தைத் தன் பிறந்தநாளுக்குப் போட்டார். வழக்கு விழுந்தது 294இலும் 67இலும்தான். ஓடியதற்கு ஒன்று, போட்டதற்கு ஒன்று.

படித்தவர்கள் இங்கே தீர்ப்புகளைக் காட்டுவார்கள். 2014இல் டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரின் நிர்வாணப் படத்தை மறுபிரசுரம் செய்த வழக்கில், நிர்வாணம் என்ற ஒரே காரணத்தால் ஒன்று ஆபாசமாகிவிடாது, சமூகத்தின் இன்றைய அளவுகோலைப் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2023இல் செயற்பாட்டாளர் ரெஹானா பாத்திமா வழக்கில் கேரள உயர் நீதிமன்றமும் நிர்வாணத்தையும் காமத்தையும் ஒன்றாக்கக் கூடாது என்றது. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் சமூகத்தின் அளவுகோல் என்று வந்தவுடன், எந்தச் சமூகம் என்ற கேள்வியும் வந்துவிடும். கோவாவில் வழக்கு விழுந்த செயலுக்கு ராமேஸ்வரத்தில் சலுகை எதிர்பார்க்க முடியாது.

தவிர, ஜெயிப்பது வேறு, ஜெயிக்கும்வரை அலைவது வேறு. இதே மிலிந்த் சோமன் 1995இல் ஒரு காலணி விளம்பரத்துக்கு நிர்வாணமாக நின்ற வழக்கில் விடுதலையானது 2009இல். பதினான்கு வருஷம். அவருக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் விண்ணப்பித்துக் காத்திருக்கும் நம் பிள்ளைக்கு, நிலுவையில் ஒரு வழக்கு என்பதே தண்டனை.

ஊர்வல அனுமதி தனிக்கதை. ஊர்வலத்துக்கு முன்அனுமதி வாங்கச் சொல்லும் காவல் சட்டம் 30(2) என்ற எண் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு மனப்பாடம். செப்டம்பர் 11 பரமக்குடி நினைவு நாளையும் அக்டோபர் 30 பசும்பொன் குருபூஜையையும் ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கம். முன்பு 144 என்றோம், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா பிரிவு 163. அந்த நாட்களில் உடுத்திக்கொண்டு போனாலே நிறுத்துவார்கள்.

சரி, சட்டமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இது உதவாது என்பதுதான் என் கட்சி. உலகச் சவாரி தொடங்கிய அதே 2004இல், ஒரு மாதம் கழித்து, ஜூலை 15 அன்று இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் பன்னிரண்டு தாய்மார்கள் ஆடை களைந்து நின்றார்கள். மனோரமா என்ற பெண் துணை ராணுவப் படையினரால் கொண்டுபோகப்பட்டுப் பிணமாகக் கிடைத்ததற்கு எதிராக. 2017 ஏப்ரலில் அய்யாக்கண்ணுவோடு டெல்லியில் உட்கார்ந்திருந்த தமிழக விவசாயிகள், பிரதமரைப் பார்க்க விடவில்லை என்றதும் அவர் அலுவலகம் அருகே துணியை அவிழ்த்துவிட்டு ஓடினார்கள். நம் மண்ணில் ஒருவர் தெருவில் துணியை அவிழ்த்தால் அதற்கு அர்த்தம், இனி இழக்க ஒன்றுமில்லை என்பது. லண்டன் சவாரியின் சிரிப்பும் விசிலும் அந்த அர்த்தத்தோடு ஒட்டாது. பார்க்கிறவர் என்ன அநியாயம் நடந்ததோ என்று பதறுவார், இல்லாவிட்டால் அசிங்கம் என்பார். சைக்கிளைப் பற்றி யோசிக்க மாட்டார்.

"தனுஷ்கோடியில் ஊரே இல்லை" என்பதும் தப்பு. 1964 புயல் அழித்தது கட்டடங்களை. மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே ஓலைக் கொட்டகைகளில் இருக்கின்றன. சங்கும் பாசிமணியும் பொரித்த மீனும் விற்கும் பெண்கள் ரோட்டோரமே உட்கார்ந்திருக்கிறார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்ததிலிருந்து யாத்திரை வேன்களுக்கும் பஞ்சமில்லை. இன்னொன்று: வெளிநாட்டுச் சவாரிகள் பெரும்பாலும் நடக்கும் ஜூன் இரண்டாவது சனிக்கிழமை எந்த வருஷமானாலும் 14ஆம் தேதியைத் தாண்டாது. கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை. விசைப்படகுக்காரர்கள் அத்தனை பேரும் கரையில் வலை பொத்திக்கொண்டும் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டும் இருக்கும் நாள் அது. கையில் இரண்டு மாதமாகக் காசு புழங்காத ஊர் வழியாக விளையாட்டாக அம்மணமாகப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூனில் அங்கே மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் நிழல் என்று ஒன்று கிடையாது. ரோட்டின் குறுக்கே மணல் தரையோடு தரையாக ஓடும். கெண்டைக்காலில் ஊசி ஊசியாகக் குத்தும். போகும்போது தள்ளிவிடும் காற்று, திரும்பும்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். மூடாத தோலில் வியர்வை, அதன்மேல் உப்பு, அதன்மேல் சீட் உரசல். தொடை இடுக்கு ஒரு வாரத்துக்குப் பேசும்.

இந்த வழி யாருக்குச் சரிப்படும்? ராமநாதபுரம் கரையில் யாருக்கும் சரிப்படாது.

## வழி 2: ஆண்கள் சட்டை இல்லாமல், அரை டவுசரோடு

சட்டப்படி இதில் தொந்தரவு குறைவு. அனுமதி வாங்கினால் போதும். 'அரை நிர்வாணப் போராட்டம்' என்று வாரம் ஒரு செய்தி வருகிற மாநிலம் இது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேல்துணியை விட்டதிலிருந்து வெற்று மார்புக்கு இங்கே ஓர் அரசியல் கௌரவமும் உண்டு.

குறை வேறு இடத்தில். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாம்பனில் சட்டை போடாத ஆள் சைக்கிளில் போனால் அவர் வலை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். அக்னி தீர்த்தத்தில் சட்டை போடாத ஆள் திதி கொடுக்க வந்தவர். உடம்பைக் காட்டி உங்களைக் கவனிக்க வைப்பதற்காக லண்டனில் கண்டுபிடித்த உத்தி, இந்தக் கரையில் உங்களை மறைத்துவிடும்.

பெண்களுக்கு இதில் இடமே இல்லை. சின்னப்பாலம் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? மரிக்கொழுந்துப் பாசி பாறையோடு ஒட்டிக் கிடக்கும். விரல்கள் கிழியாமல் இருக்கத் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொள்வார்கள். சேலை, அதன்மேல் புருஷனுடைய சட்டை, தலையில் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி. மணிக்கணக்கில் தண்ணீரில். பக்கத்துப் படகில் ஆண் வெறும் டவுசரோடு நிற்பான். தண்ணீருக்குள்கூடப் பெண் இரண்டு அடுக்கு உடுத்த வேண்டிய கரையில், 'ஆளுக்குத் துணிந்த அளவு' என்ற விதி பாதிப் பேருக்கு மட்டும்தான் விதி. பெண்களை டி-ஷர்ட்டோடு பின்னால் வரச் சொல்லலாமே என்பார்கள். அப்படியானால் அது ஆண்கள் சவாரி. பெண்கள் துணைக்கு வந்தவர்கள்.

எப்போது சரிப்படும்: கோரிக்கை ஒன்றோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவதாக இருந்தால். ரோட்டில் செத்த சைக்கிள்காரருக்கு நியாயம் கேட்டுப் போகிறீர்கள் என்றால் வெற்று மார்புக்கு அந்த இடத்தில் அர்த்தம் உண்டு.

## வழி 3: தனியார் தோப்புக்குள்

உச்சிப்புளிப் பக்கம் யாருடைய தென்னந்தோப்பையாவது ஒரு நாளுக்குக் கேட்டு வாங்கி, வேலிக்குள்ளேயே ஓட்டுவது. பொது இடம் இல்லை, எனவே 296 பெரும்பாலும் தொடாது. வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாக இருந்தால் அதுவும் உறுதியில்லை.

மணலில் சக்கரம் புதையும். காய் பறிக்க வருகிறவர், மாடு தேடி வருகிறவர் என்று நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு போன் போதும். 2024 டிசம்பரில் அக்னி தீர்த்தக் கரையிலேயே தனியார் உடை மாற்றும் அறை ஒன்றில் ரகசிய கேமரா பிடிபட்ட ஊர் இது. வேலி போட்ட இடம் என்ற நம்பிக்கையில் பெண்களைக் கூப்பிட எனக்கு வாய் வராது. தவிர, ரோட்டில் இருப்பவர்கள் பார்க்கவேண்டிய ஒரு விஷயத்தைத் தோப்புக்குள் யாருக்குக் காட்டுவது? உடம்பைப் பற்றிய கூச்சம் போகவேண்டும், அதுதான் நோக்கம் என்றால், நெருங்கிய நண்பர்கள் நாலைந்து பேர், போன்களை வெளியே வைத்துவிட்டு, செய்யலாம். அதற்குச் சைக்கிள் எதற்கு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீவுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே வழக்கு, உடுத்தியிருந்தாலும்.

## வழி 4: நடக்கிற ஊருக்கே போய்க் கலந்துகொள்வது

அனுபவம்தான் வேண்டும் என்றால் இதுதான் நேர்மையான வழி. ஆனால் வெளிநாடு என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது: பார்ப்பவரைக் கலங்கடிக்க வேண்டும் என்று உறுப்பைக் காட்டினால்தான் குற்றம். சைக்கிள் சவாரி அதில் சிக்குவதில்லை. கனடாவில் பொது இடத்து நிர்வாணம் சட்டப்படி குற்றம்தான், ஆனால் அட்டர்னி ஜெனரல் ஒப்புதல் இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. அமெரிக்காவின் போர்ட்லேண்டில் நகர விதி தடுக்கிறது. இருந்தும் ஆயிரக்கணக்கில் ஓட்டுகிறார்கள், போலீஸ் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்கிறது. 2008இல் அந்த ஊர் நீதிபதி ஒருவர், நிர்வாணமாகச் சைக்கிள் விட்டவரை, இது இங்கே வேரூன்றிய எதிர்ப்பு வழக்கம் என்று சொல்லி விடுவித்தார். ஊரே ஏற்றுக்கொண்ட பிறகு கோர்ட் ஏற்றுக்கொண்டது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: ஸ்பெயினில் நிர்வாணம் நாட்டுச் சட்டப்படி குற்றமில்லை, ஆனால் பார்சிலோனா நகரம் 2011இல் தெருக்களில் தடை போட்டது. போவதற்கு முன் அந்த வருஷத்து நகர விதியைப் பாருங்கள்.

பக்கத்தில் இருக்கிறதே என்று சிங்கப்பூர், மலேசியாவில் மட்டும் முயற்சி வேண்டாம். சிங்கப்பூரில் பொது இடத்தில் மட்டுமல்ல, வெளியே தெரியும்படி வீட்டுக்குள் நிர்வாணமாக இருந்தாலும் இரண்டாயிரம் வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. மலேசியாவில் 2015இல் கினபாலு மலை உச்சியில் ஆடை களைந்த நான்கு சுற்றுலாப் பயணிகளுக்கு மூன்று நாள் சிறையும் ஆளுக்கு ஐயாயிரம் ரிங்கிட் அபராதமும் விழுந்தது. சட்டப் பிரிவு எது தெரியுமா? அங்கேயும் 294தான். வெள்ளைக்காரன் எழுதிவிட்டுப் போன அதே எண்.

மறைந்திருக்கும் செலவு விமான டிக்கெட் அல்ல, படம்தான். லண்டன் சவாரியில் படம் எடுப்பவர்கள் நிறையப் பேர் ரோட்டோரம் நிற்பார்கள். பொது ரோட்டில் தடுக்க முடியாது. முகத்தில் பெயின்ட், கறுப்புக் கண்ணாடி, தொப்பி என்று போகிறவர்கள் இதற்காகத்தான். அந்தப் படம் தங்கச்சிமடம் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே குற்றமில்லாத படத்தை ஊருக்கு வந்து நீங்களே பகிர்ந்தால் 67 இங்கே காத்திருக்கும்.

அங்கேயே வேலை, அங்கேயே குடும்பம் என்று இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

## வழி 5: உடுத்திக்கொண்டே

இதைச் சொன்னால் "அவ்வளவுதானா" என்று முகம் சுளிக்கிறார்கள். பக்கத்து மாவட்டத்தில் நடந்ததை மறந்துவிட்டோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். 1992 மகளிர் தினத்தில் சுமார் 1,500 பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு ஊருக்குள் போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். ஒருத்தி கூட எதையும் அவிழ்க்கவில்லை. ஆனால் கேட்டார்கள், கிண்டல் செய்தார்கள், நின்று பார்த்தார்கள்.

லண்டன்காரர் உடம்பைக் காட்டி வாங்கும் கவனம் இதுதான். இந்தக் கரையில் அதை வாங்கித் தருவது தோல் அல்ல. ரோட்டில் எதிர்பார்க்காத ஆட்கள். கீழக்கரையிலிருந்து பர்தா போட்ட பெண்கள் ஐம்பது பேர், தங்கச்சிமடத்திலிருந்து நைட்டியும் துண்டுமாக மீன்கார அம்மாக்கள், பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் பிள்ளைகள், பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய தாத்தாக்கள். அவரவர் தினமும் போடும் உடுப்பில். முதுகில் ஒரு அட்டை: 'நானும் ரோட்டில்தான் போகிறேன்.' எந்த வேன் டிரைவரும் இதைப் பார்க்காமல் கடக்க முடியாது, என்ன சொல்கிறார்கள் என்றும் குழம்ப மாட்டார். துணியைக் குறைக்க முடியாதவர்கள் தலையை நிமிர்த்தி மணி அடிக்கலாம். அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் ஒரே விலை.

இதற்கும் செலவு உண்டு. வெளியூர்ப் பத்திரிகை வராது. இரண்டாவது வருஷம் புதுமை போய்விடும். ஏதாவது கட்சியோ டி-ஷர்ட் கம்பெனியோ அட்டையில் தன் பெயரைப் போட ஆசைப்படும். விட்டால் அது விளம்பர ஊர்வலம். ஆண்கள் முன்னால் போய் வீடியோ எடுப்பதையும் முதலிலேயே நிறுத்த வேண்டும்.

செய்வதென்றால் நாள் பார்த்துச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை. செப்டம்பர், அக்டோபர் தடை உத்தரவு. ஜூன், ஜூலை கச்சான். மிச்சத்தில் நல்லது ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும். அதிலும் தை அமாவாசையைத் தவிர்க்க வேண்டும், அன்று ராமேஸ்வரம் ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது வழி, நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் யார் என்று நாலையும் எழுதிக் கொடுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாம்பன் பாலத்தைச் சேர்க்காதீர்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் குறுகலான பாலம், ரயிலைப் பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்கள் வேறு, பக்கவாட்டுக் காற்றில் சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் சாயும். ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வழியாக அரியமான் கடற்கரை வரை போதும். விடியும் முன் கிளம்பினால் வேன்கள் வருவதற்குள் போய்ச் சேரலாம். ரோட்டோரம் இறங்காமல் ஓட்டச் சொல்லுங்கள், சீமைக் கருவேல முள் டயரை விடாது. பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஆள் இரண்டு பேர் கடைசியில் வரட்டும்.